ஈசினோபில் இறங்கிடுச்சு, நியூட்ரோபில் ஏறிடுச்சு: ஆஸ்துமால வெள்ளை அணுக்கள் யார் பேச்சை கேட்டு ஆடுது?

நீங்க கேட்டதை நானே ஒரு தடவை சுருக்கி சொல்லிக்கிறேன். பல வருஷமா ஆஸ்துமா இருக்கு, வீசிங் அதிகமானப்ப எடுத்த ரிப்போர்ட்ல வெள்ளை அணு டோட்டல் கவுண்ட் 8,600, அதுல ஈசினோபில்ங்கற வகை 9 சதவீதம், அதாவது 774. டாக்டர் அஞ்சு நாளைக்கு பிரெட்னிசலோன்ங்கற ஸ்டீராய்டு மாத்திரை குடுத்தார். முடிச்ச கையோட மறுபடி டெஸ்ட் எடுத்தா ஈசினோபில் 1 சதவீதத்துக்கு வந்துடுச்சு, ஆனா டோட்டல் 13,200, நியூட்ரோபில்ங்கற இன்னொரு வகை 82 சதவீதம். ஒண்ணு சரியாகி இன்னொண்ணு கிளம்பிடுச்சா, இன்ஃபெக்ஷனா, அதோட வெள்ளை அணு நம்மள காப்பாத்தத்தானே இருக்கு அது ஏன் ஆஸ்துமால நமக்கே எதிரா திரும்புதுன்னு கேட்டிருக்கீங்க.

நான் டாக்டர் இல்ல, ரொம்ப வருஷம் லேப்ல ஸ்லைடு பார்த்த ஆளு, அதனால மருந்தை மாத்துங்க நிறுத்துங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்க ரெண்டு ரிப்போர்ட்டும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பார்த்தா ஆஸ்துமால வெள்ளை அணுக்களுக்கு என்ன நடக்குதுங்கறதுக்கு அதை விட நல்ல பாடம் கிடைக்காது.

வெள்ளை அணுவுக்கு சொந்த புத்தி ரொம்ப கம்மி. எப்ப பொறக்கணும், ரத்தத்துல இருந்து எங்க வெளிய இறங்கணும், எத்தனை நாள் உயிரோட இருக்கணும், எப்ப தன் பையில இருக்கறதை கொட்டணும், எல்லாத்தையும் வேற செல்கள் அனுப்புற கெமிக்கல் சிக்னல்தான் முடிவு பண்ணுது. ஆஸ்துமால கெட்டுப்போறது அந்த சிக்னல். அணு பாவம், சொன்னதை செய்யுது.

முதல்ல சத்தம் போடறது யாருன்னா வெள்ளை அணுவே கிடையாது, மூச்சுக்குழாயோட உள்பக்க தோல் மாதிரி இருக்குற எபிதீலியம் செல்கள். தூசிப்பூச்சி, மகரந்தம், வைரஸ், புகை எது வந்து இடிச்சாலும் இதுங்க மூணு சிக்னலை வெளிய விடும்: டிஎஸ்எல்பி, ஐஎல்-33, ஐஎல்-25 (ஐஎல்னா இன்டர்லூக்கின், செல்லுக்கு செல் சேதி சொல்ற புரோட்டீன்). இதுல ஐஎல்-33 கொஞ்சம் விசித்திரமானது, செல்லோட உட்கருவுக்குள்ளயே பதுங்கி கிடக்கும், செல் அடிபட்டு கிழிஞ்சா வெளிய கொட்டும், அதனாலதான் இதுங்களை அலாரம் கணக்குல சேர்க்கறாங்க. இந்த அலாரத்தை கேட்டு எழுந்திருக்கிற ஒரு கூட்டம் டி செல்கள்ங்கற வெள்ளை அணுக்கள், அதுல டிஹெச்2ன்னு சொல்ற வகை, இன்னொரு கூட்டம் ஐஎல்சி2. இந்த ஐஎல்சி2வை சரியா அடையாளம் கண்டதே 2010 வாக்குலதான். இதோட விசேஷம் என்னன்னா இதுக்கு இன்ன பொருள்தான் அலர்ஜின்னு அடையாளம் தெரியவேண்டிய அவசியமே இல்ல, அலாரம் அடிச்சா போதும், வேலைய ஆரம்பிச்சிடும். அலர்ஜி டெஸ்ட் எல்லாம் நெகட்டிவ்னு வந்தும் ஈசினோபில் எகிறுற ஆஸ்துமா ஏன் இருக்குங்கறதுக்கு பெரிய விளக்கம் இதுலதான் இருக்கு.

ரெண்டு கூட்டமும் சேர்ந்து விடற சிக்னல்ல நமக்கு முக்கியமானது மூணு: ஐஎல்-4, ஐஎல்-5, ஐஎல்-13. பேர் போர் அடிக்கும், தெரியும், ஆனா இந்த மூணையும் பிடிச்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா புரிஞ்சிடும்.

ஐஎல்-5 ஈசினோபிலுக்குன்னே இருக்கற சிக்னல்னு சொல்லலாம். எலும்பு மஜ்ஜை வரைக்கும் இதோட குரல் கேட்கும், அங்க ஈசினோபில் உற்பத்தி கூடும், முதிர்ந்ததை சீக்கிரமா ரத்தத்துல தள்ளி விடும். ரத்தத்துல ஒரு ஈசினோபில் ஒரு நாள் கூட முழுசா இருக்காது, சில மணி நேரம் சுத்திட்டு ஏதாவது திசுவுக்குள்ள இறங்கிடும். லேப்ல தட்டுல போட்டு சும்மா வெச்சா ரெண்டு மூணு நாள்ல செத்துப்போயிடும். அதே தட்டுல ஐஎல்-5 கலந்து வெச்சா ஒரு வாரத்தை தாண்டியும் இருக்கும். சாக வேண்டிய நேரத்துல 'இரு, போகாத'ன்னு சொல்ற சிக்னல் அது. ஆஸ்துமாகாரங்களோட மூச்சுக்குழாய்ல ஈசினோபில் குவியறதுக்கு நிறைய வருதுங்கறது மட்டும் காரணம் இல்ல, வந்தது சாகாம உட்கார்ந்திருக்குங்கறதும் காரணம்.

ஐஎல்-4, ஐஎல்-13 ரெண்டும் வேற வழில வேலை செய்யும். ரத்தக்குழாயோட உள்சுவர்ல விகாம்-1ன்னு ஒரு கொக்கிய முளைக்க வைக்கும். அந்த கொக்கில மாட்டுற வளையம் ஈசினோபில் மேல இருக்கு, நியூட்ரோபில் மேல பெருசா கிடையாது. அதே நேரம் எபிதீலியம் ஈயோடாக்சின்னு ஒரு கெமிக்கலை விடும், 1994-ல கினிப்பன்றி நுரையீரல்ல கண்டுபிடிச்சது, அதோட வாசனை பிடிச்சு ஈசினோபில் சுவரை நெளிஞ்சு தாண்டி வெளிய வரும். ஒரே ரத்தத்துல பத்துல ஆறேழு நியூட்ரோபிலா ஓடிக்கிட்டிருக்கறப்ப நூத்துல மூணு நாலு இருக்கற ஈசினோபில் மட்டும் கரெக்டா அந்த ஸ்டாப்ல எப்படி இறங்குதுன்னு யோசிச்சீங்கன்னா, இந்த கொக்கியும் வாசனையும் சேர்ந்துதான். இது தவிர ஐஎல்-4 பி செல்லுங்கற வெள்ளை அணுவை ஐஜிஇ, அதாவது அலர்ஜிக்கான ஆன்டிபாடியை, செய்ய வைக்கும், ஐஎல்-13 சளியை கூட்டும், எபிதீலியத்துல நைட்ரிக் ஆக்சைடை ஏத்தும். ஊத சொல்லி பார்க்குற ஃபீனோ டெஸ்ட்ல அளக்கறது அந்த வாயுவைத்தான். ஃபீனோ நம்பர் ஐஎல்-13 பக்கத்து சேதி, ரத்தத்துல ஈசினோபில் நம்பர் ஐஎல்-5 பக்கத்து சேதி, அதனால ஒண்ணு ஏறி ஒண்ணு ஏறாம இருந்தா லேப் தப்புன்னு நினைக்காதீங்க.

இப்ப உங்க 774 பத்தி. ரத்த கவுண்ட்டுங்கறது பஸ்ல உட்கார்ந்திருக்கறவங்களை எண்ணுறது மாதிரி. ஏற்கனவே இறங்கி வீட்டுக்குள்ள போனவங்க அதுல வர மாட்டாங்க. ஈசினோபில்ல பெரும்பகுதி எப்பவுமே திசுக்கள்லதான் இருக்கும், ரத்தத்துல இருக்கறது அதுல ஒரு சின்ன பங்குதான். 500க்கு மேல போனா அதிகம்னு பொதுவா எடுத்துக்குவாங்க, பயாலஜிக் ஊசி (இந்த சிக்னல்கள்ல ஒண்ணை குறி வெச்சு அடைக்கற ஊசி) போடலாமான்னு முடிவு பண்றப்ப 150, 300ங்கற எல்லைகளை பார்ப்பாங்க, அதனால உங்க நம்பர் ஏதோ சொல்லுதுதான். ஆனா அது சொல்றது 'மஜ்ஜைக்கு ஐஎல்-5 குரல் கேட்டுக்கிட்டிருக்கு'ங்கறதைத்தான், மூச்சுக்குழாய்க்குள்ள எவ்வளவு பேர் இருக்காங்கன்னு நேரா சொல்லாது. அதோட குடல் புழு, சில மருந்து அலர்ஜி, வேற சில நோய்களும் ஈசினோபிலை ஏத்தும், அது தனி விஷயம், டாக்டர் பார்த்துக்குவார்.

பஸ் கணக்கை சும்மா உவமைக்கு சொல்லல. மெபோலிசுமாப்னு ஐஎல்-5ஐ பிடிச்சு கட்டிப்போடற ஊசி வந்தப்ப எல்லாருக்கும் ஆஸ்துமா கதை முடிஞ்சதுன்னு எதிர்பார்ப்பு. 2000-ல வந்த முதல் ஆய்வுல ரத்தத்துல ஈசினோபில் கடகடன்னு இறங்கிச்சு, ஆனா அலர்ஜனை, அதாவது அலர்ஜி கிளப்பற பொருளை, மூச்சுல குடுத்து பார்த்தா மூச்சுக்குழாய் பழையபடியே சுருங்கிச்சு. அப்ப ஈசினோபிலுக்கும் ஆஸ்துமாவுக்கும் சம்பந்தமே இல்லையோன்னு கூட பேச ஆரம்பிச்சாங்க. 2003-ல மூச்சுக்குழாய்லயே பிட்டு எடுத்து பார்த்தாங்க, ரத்தம் கிட்டத்தட்ட காலி, ஆனா மூச்சுக்குழாய் சுவர்ல பாதி அளவுதான் குறைஞ்சிருந்தது, 55 சதவீதம். பஸ் காலி, வீடு காலி இல்ல! அதுக்கப்புறம் 2009-லதான் சரியான ஆளுங்களை தேர்ந்தெடுத்து, அதாவது ஸ்டீராய்டு எடுத்தும் சளில ஈசினோபில் குறையாதவங்க, அடிக்கடி அட்டாக் வர்றவங்க, அவங்களுக்கு குடுத்து பார்த்தாங்க, அட்டாக் எண்ணிக்கை நல்லாவே குறைஞ்சது. அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது 2015-ல. முதல் ஆய்வுக்கும் அனுமதிக்கும் நடுவுல 15 வருஷம், மருந்து மாறல, யாருக்கு குடுக்கணும், எதை அளக்கணும்ங்கற புரிதல் மட்டும்தான் மாறிச்சு. எனக்கு ஆஸ்துமா ஆராய்ச்சில ரொம்ப பிடிச்ச கதை இது.

இதுக்கு தலைகீழான கதையும் ஒண்ணு இருக்கு. டூபிலுமாப்னு இன்னொரு ஊசி, ஐஎல்-4, ஐஎல்-13 ரெண்டுக்கும் பொதுவான ரிசெப்டரை, அதாவது செல் சிக்னலை வாங்கற வாசலை, அடைக்கும். இதை போட்ட சிலருக்கு மூச்சு நல்லா ஆயிடும், ஆனா ரத்தத்துல ஈசினோபில் கொஞ்ச நாளைக்கு ஏறும்! ரிப்போர்ட் பார்த்து பதறிப்போவாங்க. காரணம் மேல சொன்ன கொக்கியும் வாசனையும்தான், ரெண்டும் குறைஞ்சு போச்சு, ஐஎல்-5 மட்டும் பழையபடி மஜ்ஜைல இருந்து ஆள் அனுப்பிக்கிட்டிருக்கு, இறங்க ஸ்டாப் இல்லாம எல்லாம் பஸ்லயே சுத்துது. பெரும்பாலும் தானா குறைஞ்சிடும், ரொம்ப ஏறினாலோ காய்ச்சல், தோல்ல தடிப்பு, கை கால் மரத்துப்போறதுன்னு புதுசா ஏதாவது வந்தாலோ டாக்டர்கிட்ட உடனே சொல்லணும்.

சரி, இறங்கின ஈசினோபில் அங்க என்னதான் பண்ணுது? லீஷ்மன் ஸ்டெயின்ங்கற சாயம் போட்ட ஸ்லைடுல ஈசினோபிலை ஒரு தடவை பார்த்தவங்க மறக்க மாட்டாங்க, உட்கரு ரெண்டு மடலா கண்ணாடி போட்ட மாதிரி இருக்கும், சுத்தி முழுக்க ஆரஞ்சு கலந்த சிவப்புல உருண்டை உருண்டையா துகள். ஈயோசின்ங்கற சிவப்பு சாயத்தை இழுத்துக்குதுன்னுதான் 1879-ல பால் எர்லிக் இதுக்கு இந்த பேரே வெச்சார். அந்த துகள் ஒவ்வொண்ணும் ஒரு விஷப்பை. புழு மாதிரி பெரிய எதிரி மேல கொட்டத்தான் அது இருக்கு. சிக்னல் தப்பா வந்தா நம்ம மூச்சுக்குழாய் மேலயே கொட்டும், எபிதீலியம் உரிஞ்சு போகும். அதுல எம்பிபின்னு ஒரு புரோட்டீன் இன்னும் ஒரு வேலை பண்ணும். மூச்சுக்குழாயை சுருக்கற நரம்போட முனைல எம்2ன்னு ஒரு பிரேக் இருக்கு, 'போதும், இதுக்கு மேல அசிட்டைல்கோலின் (தசையை சுருங்க சொல்ற நரம்பு கெமிக்கல்) விடாத'ன்னு சொல்றது. எம்பிபி போய் அந்த பிரேக்கை அடைச்சிடும். பிரேக் இல்லாத நரம்பு சின்ன விஷயத்துக்கெல்லாம் தசையை இறுக்கும், குளிர் காத்து, சிரிப்பு, அகர்பத்தி புகை எது பட்டாலும் இருமல் வருதுல்ல, அதுல இதுக்கும் பங்கு உண்டு.

கடுமையான ஆஸ்துமா சளியை ஸ்லைடுல பரப்பி பார்த்தா இன்னொண்ணு தெரியும், ரெண்டு பக்கமும் கூர் சீவின பென்சில் மாதிரி நிறமில்லாத படிகங்கள். சார்க்கோ-லெய்டன் படிகம்னு பேரு, 19-ஆம் நூற்றாண்டுலயே பார்த்துட்டாங்க. கேலக்டின்-10ங்கற புரோட்டீன், ஈசினோபில் வெடிச்சு சாகறப்ப வெளிய வந்து படிகமாகுது. நாங்க படிச்சப்ப இது வெறும் குப்பை, ஈசினோபில் இருந்ததுக்கு அடையாளம், அவ்வளவுதான்னு சொல்லிக்குடுத்தாங்க. 2019-ல வந்த ஆய்வுல அந்த படிகமே அழற்சியை கிளப்புதுன்னு எலிகள்ல காட்டினாங்க. செத்தவனும் சும்மா போகல, அடுத்த கூட்டத்துக்கு சிக்னல் குடுத்துட்டுத்தான் போறான்.

மாஸ்ட் செல்லை விட்டுட்டா கதை முழுசாகாது. திசுக்குள்ளயே இருக்கற இந்த செல் மேல ஐஜிஇ ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கும், அலர்ஜன் வந்து தொட்டா நிமிஷத்துல ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன், ப்ராஸ்டகிளாண்டின் டி2 எல்லாத்தையும் விடும். இதுதான் உடனே வர்ற இறுக்கம். ஒரு மணி ரெண்டு மணி நேரத்துல அது தணியும், அப்பாடான்னு இருக்கறப்ப நாலு மணி நேரம் கழிச்சு பலருக்கு ரெண்டாவது ரவுண்டு வரும், அது பல மணி நேரம் நீடிக்கும். மாஸ்ட் செல் விட்ட சேதிய கேட்டு ஈசினோபிலும் டி செல்லும் வந்து சேர்ற நேரம் அது. சாயங்காலம் தூசில நின்னுட்டு நடுராத்திரில எழுந்து உட்கார்ந்து இருமறவங்க 'இப்ப எந்த தூசியும் இல்லையே'ன்னு குழம்புவாங்க. வந்தது சாயங்காலத்து தூசிக்கான ரெண்டாவது ரவுண்டா இருக்கலாம்.

லூக்கோட்ரையீன்ங்கற பேர்லயே வெள்ளை அணு இருக்கு, லூக்கோசைட்ல இருந்து வந்த பேர். 1938-ல ஃபெல்ட்பெர்கும் கெல்லவேயும் நாகப்பாம்பு விஷத்தை நுரையீரலுக்குள்ள செலுத்தி பார்த்தப்ப, ஹிஸ்டமின் மாதிரி சட்டுனு இல்லாம மெதுவா, ஆனா ரொம்ப நேரம் தசையை இழுத்து பிடிக்கிற ஏதோ ஒண்ணு வெளிய வந்தது. அது என்ன மூலக்கூறுன்னு தெரிய 40 வருஷம் ஆச்சு, 1979-ல சாமுவெல்சன் குழு கண்டுபிடிச்சு இந்த பேர் வெச்சது, 1982-ல அவருக்கு கிடைச்ச நோபல் பரிசுக்கு இந்த வேலையும் ஒரு காரணம். மூச்சுக்குழாயை சுருக்கறதுல ஹிஸ்டமினை விட சுமார் ஆயிரம் மடங்கு பலம். அலர்ஜிக்கு போடற மாத்திரையை போட்டும் ஆஸ்துமா அசையலயேன்னு கேக்கறவங்களுக்கு பதில் இதுதான், நீங்க ஹிஸ்டமினை அடைச்சீங்க, இவன் வெளியதான் நிக்கறான். இது ஈசினோபிலை கூப்பிடவும் செய்யும், கூப்பிட்டு வந்த ஈசினோபில் தானும் லூக்கோட்ரையீன் செஞ்சு இன்னும் ஆளை கூப்பிடும், அதனாலதான் ஒருதடவை கிளம்பினா லேசுல அடங்கறதில்ல. மாண்டெலுகாஸ்ட் இதோட ரிசெப்டரை அடைக்கற மாத்திரை. தூக்கம் கெடறது, எரிச்சல், மனச்சோர்வு மாதிரி மாற்றங்கள் சிலருக்கு வர்றதால 2020-ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதுக்கு கட்டம் கட்டின எச்சரிக்கை போட வெச்சது, குழந்தைக்கு குடுக்கறவங்க இதை தெரிஞ்சு வெச்சுக்கணும்.

இப்ப உங்க ரெண்டாவது ரிப்போர்ட். பிரெட்னிசலோன் செல்லுக்குள்ள போய் இந்த சிக்னல்களை எழுதற ஜீன்களையே அமுக்கும், ஐஎல்-5, ஈயோடாக்சின் எல்லாம் குறையும். 'இரு, போகாத'ன்னு சொல்ற குரல் நின்னதும் ஈசினோபில் தன் பாட்டுக்கு செத்துப்போகும், ஸ்டீராய்டு நேராவும் அதை சாக தூண்டும். ரத்தத்துல சில மணி நேரத்துலயே எண்ணிக்கை சரியும். நியூட்ரோபிலுக்கு அதே ஸ்டீராய்டு நேர் எதிரா வேலை பண்ணும், அதோட சாவை தள்ளிப்போடும், ரத்தக்குழாய் சுவர்ல சாஞ்சு ஒட்டிக்கிட்டிருந்ததுங்களை ஓடற ரத்தத்துல இழுத்து விடும், மஜ்ஜைல இருந்தும் கொஞ்சம் கூட்டி வரும். ஒரே சிக்னல், ஒரு அணுவுக்கு 'போ', இன்னொண்ணுக்கு 'இரு'. 13,200, 82ங்கறது ஸ்டீராய்டு மட்டுமே காட்டக்கூடிய நம்பர்தான். காய்ச்சல், நெஞ்சு வலி, உடம்பு அசந்து போறது இருந்தா கதை வேற, அதை டாக்டர் நேர்ல பார்த்துத்தான் சொல்லணும், ஆனா இந்த ரிப்போர்ட்டை மட்டும் வெச்சு ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்காதீங்க. சளி மஞ்சளா பச்சையா இருந்தா இன்ஃபெக்ஷன்தான்னும் இல்ல, ஈசினோபில் குவிஞ்ச சளியும் அந்த நிறத்துல வரும்.

நியூட்ரோபிலே மூச்சுக்குழாய்ல குவியற ஆஸ்துமாவும் இருக்கு. ஐஎல்-8, ஐஎல்-17, லூக்கோட்ரையீன் பி4 இதெல்லாம் அதை கூப்பிடற சிக்னல்கள், புகை பிடிக்கறவங்க, உடம்பு அதிகமா இருக்கறவங்ககிட்ட கூடுதலா பார்க்கறது, ஸ்டீராய்டுக்கு சரியா மசியாது. ஐஎல்-17 ரிசெப்டரை அடைச்சு பார்த்தாங்க, 2013-ல வந்த ஆய்வுல பலன் இல்ல. நியூட்ரோபில் வர்ற வழியை அடைச்சும் பார்த்தாங்க, எண்ணிக்கை குறைஞ்சது, அட்டாக் குறையல. என் அபிப்பிராயம், பல பேர்கிட்ட நியூட்ரோபில் சண்டைக்கு அப்புறம் வந்து நிக்கற கூட்டம், ஆரம்பிச்சு வெச்சது வேற யாரோ. அலாரத்தையே, அதாவது டிஎஸ்எல்பியையே பிடிக்கற டெசெபெலுமாப் 2021 கடைசில அமெரிக்காவுல அனுமதி வாங்கினது, அதுல ஈசினோபில் கம்மியா இருக்கறவங்களுக்கும் ஓரளவு அட்டாக் குறைஞ்சது, மேல இருக்கறவனை பிடிச்சா கீழ இருக்கற கூட்டம் எதுவா இருந்தா என்னங்கற கணக்கு.

வீசிங் வந்தா அடிக்கிற சால்புட்டமால் தசையை மட்டும்தான் தளர்த்தும், இந்த சிக்னல் எதையும் தொடாது, நிம்மதியா இருக்கும், உள்ள ஈசினோபில் கூட்டம் அப்படியே இருக்கும். அதனாலதான் ஆஸ்துமா சிகிச்சைக்கான உலக அளவு வழிகாட்டியான ஜீனா 2019-ல இருந்து அதை மட்டும் வெச்சு ஆஸ்துமாவை ஓட்டாதீங்க, கூட இன்ஹேலர் ஸ்டீராய்டு வேணும்னு சொல்லுது. இன்ஹேலர் ஸ்டீராய்டு எபிதீலியத்துலயே சிக்னலை அடக்கற மருந்து, நல்லா இருக்குன்னு நிறுத்தினா ஜீன் மறுபடி எழுத ஆரம்பிச்சிடும், என்னைக்குன்னு மட்டும் சொல்ல முடியாது.

கடைசியா டெஸ்ட் பத்தி. ஈசினோபில் ஒரே நாள்லயே மாறும், உடம்போட சொந்த ஸ்டீராய்டான கார்டிசால் கூடுற காலைல குறைஞ்சும் ராத்திரில கூடியும் இருக்கும், அதனால ஒப்பிட்டு பார்க்கணும்னா ஒரே நேரத்துல எடுங்க. அடுத்த தடவை ரிப்போர்ட் எடுக்கறப்ப ஸ்டீராய்டு மாத்திரை கடைசியா எப்ப போட்டீங்கங்கற தேதியை அந்த பேப்பர் மேலயே பேனால எழுதி வெச்சிடுங்க. இதே 132ஐ (13,200ல 1 சதவீதம்) தேதி இல்லாம பார்க்கற இன்னொரு டாக்டர் 'உங்களுக்கு ஈசினோபில் டைப் இல்லையே'ன்னு நினைச்சுக்க வாய்ப்பு இருக்கு, அப்படி நினைச்சுட்டா பயாலஜிக் ஊசி பத்தின பேச்சே வராம போயிடும். மாத்திரைக்கு முன்னாடி எடுத்த அந்த 774 பேப்பரை தூக்கி போட்டுடாதீங்க.